ஜாயின் போட்டதும் கூட்டுத்தொகை இரண்டு மடங்கானது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) கற்க ஆரம்பித்த மூன்றாவது மாதம் நடந்தது இது. ஊழியர் டேபிள் ஒன்று, யார் எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்ற டேபிள் ஒன்று, விடுப்பு டேபிள் ஒன்று. மொத்த வேலை நேரமும் மொத்த விடுப்பும் ஆளுக்கு ஒரு வரியாக வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றையும் ஊழியர் எண்ணை வைத்து ஜாயின் செய்து (இணைத்து), ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை போட்டு, சம் (கூட்டுத்தொகை) எடுத்தேன். ஒருவர் கணக்கை மட்டும் கையால் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் இன்னொருவர் வந்து, "நான் வேலை பார்த்தது 20 மணி நேரம், இதில் 40 என்று இருக்கிறது, 3 நாள் லீவு 9 நாளாகியிருக்கிறது" என்றார். ஒன்று இரண்டு மடங்கு, இன்னொன்று மூன்று மடங்கு. இது ஏன் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

குரூப் பையை எடுத்துவிட்டு வெறும் வரிகளைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அவருக்கு வேலைப் பதிவு 3 (8, 7, 5 மணி), விடுப்புப் பதிவு 2 (1 நாள், 2 நாள்). இந்த இரண்டுக்கும் நடுவே ஊழியர் எண்ணைத் தவிர வேறு தொடர்பு கிடையாது, அதனால் ஒவ்வொரு வேலைப் பதிவும் ஒவ்வொரு விடுப்புப் பதிவோடும் ஜோடி சேர்ந்து 6 வரியாகிவிட்டது. மணி நேரம் இரண்டு தடவையும் விடுப்பு மூன்று தடவையும் கூட்டப்பட்டிருக்கிறது. நான் சரிபார்த்தவருக்கு இரண்டிலும் ஒரே ஒரு பதிவு, அதனால்தான் தப்பு தெரியவில்லை.

முதலில் சம்முக்குள், ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் போட்டுப் பார்த்தேன். அவருக்குச் சரியானது. ஆனால் இரண்டு நாளும் 8 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு 16 வராமல் 8 வந்தது. தயவுசெய்து யாரும் அந்த வழியில் போகாதீர்கள். வேலை நேரத்தைத் தனியாக ஊழியர்வாரியாகக் கூட்டி, விடுப்பையும் அதேபோல் தனியாகக் கூட்டி, அப்புறம் அந்த இரண்டு முடிவுகளையும் ஊழியர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (பொருந்தும் பதிவு இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொள்ளும் ஜாயின்) செய்ததும் எல்லாருக்கும் சரியாக வந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

எனக்கு லெஃப்ட் ஜாயினில்தான் சிக்கல். விற்காத பொருட்களும் பட்டியலில் வர வேண்டும் என்பதற்காகவே லெஃப்ட் ஜாயின் போட்டேன், ஆனால் விற்பனை ஆண்டு 2023 என்ற நிபந்தனையை, வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதியதால் அவை எல்லாம் காணாமல் போயின. விற்காத பொருளுக்கு ஆண்டு நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை), நல்லை 2023-உடன் ஒப்பிட்டால் உண்மை என்று வராது, வேர் அந்த வரியைத் தள்ளிவிடுகிறது. அதே நிபந்தனையை, இணைக்கும் நிபந்தனை எழுதும் ஆன் (ON) பகுதிக்கு நகர்த்தினேன், எல்லாம் திரும்பி வந்தன. இன்னொன்று, கவுண்ட் (எண்ணிக்கை) போடும்போது நட்சத்திரக் குறி வைத்தால் விற்காத பொருளுக்கும் 1 என்று வரும். விற்பனை எண்ணைக் கொடுத்து எண்ணச் சொன்னால்தான் 0 வரும்.

*

பழைய குவெரி (தரவு கேட்கும் கட்டளை) ஒன்றைத் திருத்தினேன், டேபிள் பெயர்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கும் பழைய பாணியில் எழுதியது. இணைக்கும் நிபந்தனையைத் தவறுதலாக அழித்துவிட்டேன். 1,000 வரியும் 500 வரியும் பெருகி 5,00,000 வரி. 1992 எஸ்கியூஎல் தரநிலையில் வந்த ஜாயின், ஆன் பாணியில் எழுதியிருந்தால், ஆன் விடுபட்டதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பிழை காட்டியிருக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அப்படியே ஓடவிட்டுவிடும், அதைப் பயன்படுத்துகிறவர்கள் கவனமாக இருங்கள்.

*

யாருக்குக் கீழே யாருமே வேலை பார்க்கவில்லை என்று எடுக்க நாட் இன் (பட்டியலில் இல்லாதவை) எழுதினேன், ஒரு வரிகூட வரவில்லை. மேலாளர் எண் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தது, அது போதும் முழு முடிவும் காலியாக. நாட் எக்சிஸ்ட்ஸ் (பொருந்தும் வரியே இல்லாதவை) என்று மாற்றியதும் வந்தது.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். நாட் இன் பற்றிப் படித்ததும் என் பழைய குவெரிகளைத் தேடினேன், இரண்டு இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்றில் நல் வர வாய்ப்பு உண்டு, இப்போதே மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நன்றி.