ராணியைக் கொடுத்துச் செக்மேட்: சரியாகத்தான் ஆரம்பித்தேன், இரண்டாவது நகர்வில் தவறு என்கிறது. ஏன்?

கேள்வி

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகனோடு தினம் ஒரு செஸ் புதிர் போடுகிறேன். நேற்று வந்த புதிரில் மாட்டிக்கொண்டோம். படம் போடத் தெரியவில்லை, கட்டங்களை எழுதிவிடுகிறேன் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை).

வெள்ளை: ராஜா சி1, ராணி டி3, யானைகள் டி1, எச்1, மந்திரிகள் டி2, எஃப்1, குதிரை ஜி1, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, எஃப்2, ஜி2, எச்2.

கருப்பு: ராஜா இ8, ராணி இ5, யானைகள் ஏ8, எச்8, மந்திரிகள் சி8, எஃப்8, குதிரைகள் பி8, இ4, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, எஃப்7, ஜி7, எச்7.

வெள்ளை ஆடி மூன்று நகர்வில் மேட் செய்ய வேண்டும். ராணியை டி8இல் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மகன் உடனே சொல்லிவிட்டான். ராஜா வெட்டினார். அடுத்து மந்திரியை டி2இலிருந்து ஏ5க்கு நகர்த்தினேன். யானையும் செக், மந்திரியும் செக். ஆனால் தவறு என்று சிவப்புக் கோடு வந்தது. விடையில் மந்திரி ஜி5க்குப் போகிறது. ஜி5இல் கருப்பு ராணி அதை வெட்டலாமே? வெட்டினால் நம் ராஜாவுக்கே செக் வேறு. இ4 குதிரையும் வெட்டலாம். இப்படி இரண்டு பேர் வெட்டக் காத்திருக்கும் கட்டத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

பதில் 1

எஞ்சினில் (செஸ் ஆடும் கணினி நிரலில்) போட்டுப் பாருங்கள் சார், ஒரு நொடியில் சொல்லிவிடும்.

கேட்டவர்

பார்த்தேன். ஜி5 என்றுதான் சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம்தான் வேண்டும். பையன் விடமாட்டேன் என்கிறான்.

பதில் 2

சார், இது புகழ்பெற்ற நிலை. 1910இல் வியன்னாவில் செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டி, இன்னொரு வீரரான டார்டகோவரை 11 நகர்வில் முடித்த ஆட்டம். காரோ-கான் தொடக்கத்தில் வந்தது. எட்டாவது நகர்வில் டார்டகோவர் இ4 குதிரையை வெட்டினார், அடுத்த நகர்விலேயே ராணி டி8இல் போய் உட்கார்ந்தது.

முதலில் உங்கள் இரண்டாவது சந்தேகம். மந்திரி டி2இலிருந்து விலகியதும் இரண்டு செக் ஒன்றாக விழுகின்றன. ஒன்று டி1 யானையிடமிருந்து, இன்னொன்று மந்திரியிடமிருந்து. கருப்பு ராணி ஜி5இல் மந்திரியை வெட்டினால் மந்திரியின் செக் போகும், யானையின் செக் அப்படியே இருக்கும். ஒரு நகர்வில் இரண்டையும் தீர்க்க முடியாது. ஆகவே இரட்டைச் செக்கில் ராஜா மட்டுமே நகர முடியும். பக்கத்தில் எத்தனை பேர் கத்தியோடு நின்றாலும் கணக்கில் இல்லை.

அப்படியானால் ஏ5உம் இரட்டைச் செக்தானே என்பீர்கள். ஆமாம். வித்தியாசம் ராஜா ஓடும் வழியில் இருக்கிறது. டி8இலிருந்து அவர் ஓடக்கூடியவை இ8, இ7, சி7, டி7. டி7ஐ இரண்டிலும் யானை பார்த்துக்கொள்கிறது. ஏ5 மந்திரி சி7ஐ அடைக்கும், ஆனால் இ7 திறந்தே கிடக்கும். இ8க்குப் போனாலும் யானை டி8இல் செக் வைக்க, ராஜா இ7க்கு நழுவிவிடுவார். அதற்குள் ஐந்தாம் வரிசையில் கருப்பு ராணியும் ஏ5 மந்திரியைக் குறிவைத்து நிற்கிறது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு குதிரை குறைவு, இப்போது ராணியும் இல்லை. மேட் விழாவிட்டால் ஆட்டம் போச்சு.

ஜி5 மந்திரி இ7ஐ அடைக்கிறது. மிச்சம் இரண்டு கட்டம்தான். இ8க்குப் போனால் யானை டி8, மேட். சி7க்குப் போனால் மந்திரி டி8, மேட். டார்டகோவர் சி7க்குத்தான் போனார்.

பதில் 3

அந்த இ8 மேட்டைப் பார்த்தால் உங்களுக்கு வேறொரு ஆட்டம் நினைவுக்கு வர வேண்டும். 1858இல் பாரிஸ் ஓபராவில் அமெரிக்க செஸ் வீரர் மார்ஃபி ஆடியது. அங்கேயும் ராணியை பி8இல் கொடுத்துவிட்டு, ஜி5 மந்திரியின் துணையோடு யானை டி8இல் மேட் வைக்கும். மகனுக்கு இரண்டையும் அடுத்தடுத்து காட்டுங்கள். எனக்கு மார்ஃபியைவிட ரெட்டியின் ஆட்டம்தான் பிடிக்கும், அது என் ருசி.

கேட்டவர்

இரட்டைச் செக் என்றால் சும்மா பெரிய செக் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. ஆனால் மகன் வேறு கேட்கிறான். ராணியைக் கொடுக்காமலே மந்திரியை ஜி5இல் வைத்தால் என்ன? அடுத்து டி8இல் ராணி மேட் வைக்குமே?

பதில் 2

மிரட்டல் உண்மைதான். தம்பி நன்றாகத்தான் யோசிக்கிறார். ஆனால் கருப்பு ராஜா அப்போது இ8இல் இருக்கிறார், அவருக்குச் செக் இல்லை. செக் இல்லாதவரை எதிராளி எதை வேண்டுமானாலும் ஆடலாம். ராணி ஜி5 மந்திரியைச் செக்கோடு வெட்டும், கதை அங்கேயே முடிந்தது. ராஜாவை டி8க்கு இழுத்து வரத்தான் ராணியைக் கொடுக்கிறோம். வேறு வழியும் அவருக்கு இல்லை: டி7, இ7 இரண்டும் நம் ராணியின் பார்வையில், எஃப்7, எஃப்8 சொந்த ஆட்களால் அடைபட்டவை. வெட்டியே ஆக வேண்டும்.

கேட்டவர்

குதிரையை ராணியால் வெட்டினால்?

பதில் 2

இ5இல் கருப்பு ராணி அதற்குக் காவல். நம் ராணி போய்விடும், இ4இல் திரும்ப வெட்ட நம்மிடம் ஆள் இல்லை.

கேட்டவர்

கடைசியாக ஒன்று. ராஜா சி7, மந்திரி டி8. பி6க்கு ஓடலாமே? மந்திரிக்கும் பி6க்கும் நடுவில் ராஜாவே நிற்கிறாரே என்கிறான்.

பதில் 3

ராஜா சி7ஐ விட்டு எழுந்ததும் அந்தக் கோடு திறந்துவிடும், மந்திரியின் பார்வை நேராக பி6க்குப் போகும். மந்திரியை வெட்டலாமா என்றால் டி1 யானை காவல். டி6, டி7 அதே யானையின் பாதை. பி7, பி8, சி6, சி8 எல்லாம் அவருடைய சொந்தக் காய்கள். பலகையில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

வைத்துப் பார்த்தான். எட்டும் அடைபட்டிருக்கிறது. இப்போது கருப்பு எட்டாவது நகர்வில் வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டான். பலகையை எடுத்து வைக்க விடமாட்டேன் என்கிறான், நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.