பிளாஸ்டிக்ல இருந்து டீசல்: ஊருக்கு ஒண்ணு ஏன் வைக்கல?

டீசல்மண்டை:
டேராடூன்ல ஐஐபின்னு மத்திய அரசு பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம், கெயில்னு எரிவாயு கம்பெனி கூட சேர்ந்து 2019லயே பிளான்ட் போட்டுட்டாங்க, ஒரு நாளைக்கு 1 டன் பிளாஸ்டிக் போட்டா 800 லிட்டர் டீசல்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. எங்க ஊர் குப்பைக்கிடங்கு இன்னும் மலை மாதிரி கிடக்கு, வெயில் காலம் வந்தா தீ பிடிச்சு புகை வீட்டுக்குள்ள வருது. ஊருக்கு ஒரு பிளான்ட் வெச்சா குப்பையும் போகும் டீசலும் வரும், இதுல என்னய்யா கஷ்டம்?

மூணாம்பெஞ்ச்:
மூலிகை பெட்ரோல் ஞாபகம் வருது 😂

டீசல்மண்டை:
அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க. பிளாஸ்டிக்கே கச்சா எண்ணெய்ல இருந்து வந்ததுதானே, வந்த வழியே திருப்பி அனுப்புறாங்க.

ரியாக்டர்_ராசு:
சயின்ஸ் தப்பில்ல தம்பி. காத்து படாம 400, 500 டிகிரி சூடு பண்ணா பிளாஸ்டிக்கோட நீள மூலக்கூறு சங்கிலி உடைஞ்சு ஆவியாகும், குளிர வெச்சா எண்ணெய். பாலித்தீன், பிபி (பாலிப்ரொப்பிலீன்), தெர்மாகோல்னா ஜம்முனு போகும். ஆனா குப்பைல அது மட்டுமா வருது? ஒரு துண்டு பிவிசி பைப் உள்ள போனா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கிளம்பி இரும்பை அரிச்சுடும், பெட் பாட்டில் (தண்ணி, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்) போனா எண்ணெய்க்கு பதிலா ஆசிட் பொடியா குழாய்ல படிஞ்சு அடைக்கும். நான் ஒரு சின்ன யூனிட்ல ரெண்டு வருஷம் இருந்தேன், பேர் வேணாம், மாசத்துல பாதி நாள் ஆவிய குளிர வெக்கற கண்டன்சர்ல மெழுகு குத்தி எடுக்கற வேலைதான். அப்புறம் 800 லிட்டர்னா எடைல 650 கிலோ சொச்சம், மிச்சம் கேஸும் கரியும். அந்த கேஸை எரிச்சுதான் பெரும்பாலும் சூடே ஏத்தறது.

டீசல்மண்டை:
அப்போ சூட்டுக்கும் வெளிய காசு குடுக்க வேணாம், நீங்களே எனக்கு பாயின்ட் எடுத்து குடுக்கறீங்க சார் 😀

பச்சைமிளகா:
எடுத்த டீசலை எரிக்கத்தானே போறோம், குப்பைய எரிக்கறதுக்கு இது ஒரு சுத்து வழி. ஐரோப்பிய சட்டத்துல எரிபொருளா மாத்தினா அது மறுசுழற்சி கணக்குலயே வராது. அமெரிக்கால டெக்சாஸ் பேடவுன்ல பிளாஸ்டிக் மறுசுழற்சின்னு பிளான்ட் வெச்சிருக்க எண்ணெய் கம்பெனி எக்ஸான்மொபில் மேல கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் (அரசு தலைமை வக்கீல்) 2024 செப்டம்பர்ல கேஸ் போட்டார், உள்ள போறதுல 92 சதவீதம் திரும்ப பிளாஸ்டிக்காவே ஆகல, பெரும்பாலும் எரிபொருள்தான்னு குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்துச்சு, 2025 ஜனவரில அவர் மேலயே திருப்பி கேஸ் போட்டுச்சு, அது தனிக்கதை.

டீசல்மண்டை:
லாரிக்கு எப்படியும் டீசல் ஊத்தத்தான் போறான், பூமிக்குள்ள இருந்து எடுக்கறது அந்த அளவு மிச்சம்ல? கிடங்கு பக்கத்துல வீடு இல்லாதவங்க இப்படி நிதானமா பேசலாம்.

பச்சைமிளகா:
கிடங்குல சும்மா எரியறதுக்கு இது தேவலை, ஒத்துக்கறேன். மறுசுழற்சின்னு பேர் வெச்சுக்கிட்டு இன்னும் நாலு மடங்கு கவர் தயாரிப்பான் பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது.

காயலான்கடை:
22 வருஷமா கடை வெச்சிருக்கேன், ஒரு விஷயம் சொல்றேன். நல்ல பாலித்தீன், உடைஞ்ச பக்கெட், சேர் இதெல்லாம் கிடங்குக்கே போறதில்ல, எங்ககிட்ட வந்து அரைச்சு உருக்கி மறுபடி பக்கெட்டாவே போகுது. உங்க மெஷினுக்கு புடிச்ச சரக்குதான் எங்களுக்கும் புடிச்ச சரக்கு. நாங்க வேணாம்னு தள்றது சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி நடுவுல அலுமினியம் வேற, கிடங்குல கிடக்கறது அதுதான். அதை எந்த மகராசன் பிரிப்பான்?

ரியாக்டர்_ராசு:
அண்ணே கரெக்டா சொன்னீங்க. ஜப்பான்ல கவாசாகில 2003ல இருந்து ஒரு பிளான்ட் ஓடுது, எண்ணெய் பக்கமே போகாம கேஸாக்கி ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா பண்றாங்க, கலவை சரக்கையும் தாங்கும். ஆனா அது பெரிய ஃபேக்டரி தம்பி, ஊருக்கு ஒண்ணுல்லாம் வைக்க முடியாது.

டீசல்மண்டை:
சரி விடுங்க, பால் கவர்? எங்க வீட்ல மட்டும் தினம் மூணு சேருது, அது பாலித்தீன்தானே.

காயலான்கடை:
கழுவி காயவெச்சு கொண்டு வாங்க தம்பி வாங்கிக்கறேன். புளிச்ச நாத்தத்தோட மூட்டை கட்டிட்டு வராதீங்க, போன வாரம் ஒருத்தர் அப்படி வந்து கடை பூரா ஈ.