வெண்கல வாட்சை அம்மா புளி போட்டுப் பாதி தேய்ச்சுட்டாங்க. இப்ப என்ன பண்றது?

ஒற்றியூரான்:
சிரிக்காம படிங்க. என்கிட்ட இருக்கிறது ஓரிஸ் கம்பெனியோட கார்ல் பிராஷியர் மாடல், 2016-ல வந்த 42 மி.மீ. வெண்கல வாட்ச். செகண்ட் ஹேண்ட்ல வாங்கி எட்டு மாசம் ஆச்சு. கொடுத்தவர் நல்லா பாலிஷ் போட்டுத்தான் கொடுத்தார், புதுக் காசு மாதிரி இருந்தது. எங்க வீட்டுலேருந்து கடல் நடந்து போற தூரம். உப்புக்காத்து, வேர்வை, பைக் பயணம் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல கருப்பட்டி நிறத்துக்கு வந்துச்சு. பெசல் (கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையம்) பள்ளத்துல மட்டும் இன்னும் கருப்பு. எனக்கு அது அவ்வளவு பிடிச்சிருந்தது.

கார்த்திகைக்கு முந்தின நாள் வாட்சைக் கழட்டி பூஜை ஷெல்ஃப்ல வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். விளக்கெல்லாம் தேய்க்க எடுத்த அம்மா, "இதுவும் களிம்பு ஏறிக் கிடக்கே"ன்னு அதையும் தாம்பாளத்துல போட்டுட்டாங்க. நான் தலை துவட்டிட்டு வர்றதுக்குள்ள 6 மணிலேருந்து 12 மணி வரைக்கும் இடது பக்கம் பளபளன்னு ஆயிடுச்சு. கிரவுன் (நேரம் மாத்துற திருகு) இருக்கிற பக்கம் மட்டும் தப்பிச்சுது. லெதர் ஸ்ட்ராப் புளித்தண்ணி குடிச்சு ஊறிப்போச்சு, அது போகட்டும்.

மீதிப் பாதியையும் தேய்ச்சு சமமாக்கிடவா? இல்ல முட்டை வெச்சு இந்தப் பக்கத்தைக் கருப்பாக்கவா? ரெண்டு நாளா லக் (ஸ்ட்ராப் மாட்டுற கொம்பு) இடுக்குல வெளிர்பச்சையா மாவு மாதிரி ஒண்ணு தெரியுது. அதுதான் பயமா இருக்கு.

மணிக்கூண்டு:
முழுசாத் தேய்ச்சுடுங்க பாஸ். எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் ஆப்ப சோடா, பழைய டூத் பிரஷ், பத்து நிமிஷ வேலை. பாதி வெள்ளையும் பாதி கருப்புமா கையில கட்டிக்கிட்டு ஆபீஸ் போனா கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

அப்புறம் முட்டை வைத்தியம். வேகவெச்ச முட்டையை ஓட்டோட நசுக்கி ஒரு டப்பாவுல போட்டு, வாட்ச் அதுல படாம ஒரு சின்னக் கிண்ணத்து மேல உக்கார வெச்சு மூடணும். முட்டையிலேருந்து வர்ற கந்தக வாயுதான் கருக்க வைக்குது. மணிக்கொரு தடவை திறந்து பாருங்க. நான் தூங்கிட்டேன். காலையில பாத்தா அடுப்புக்கரி. ஸ்ட்ராப்பைக் கழட்ட மறந்ததால ஒரு வாரம் கையில ஆம்லெட் வாசனை, வீட்டுல பக்கத்துல உக்கார விடல.

செகண்ட்_இன்ஜினியர்:
தம்பி, கொஞ்சம் பொறு. முட்டையும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். முதல்ல ஒரு கேள்வி: அம்மா வெறும் புளியா, உப்பும் சேர்த்தாங்களா?

நான் கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருபத்திரண்டு வருஷம். கடல்தண்ணி லைன்ல வால்வெல்லாம் வெண்கல வகைதான், அது கருத்தும் பாத்திருக்கேன், பச்சை பூத்தும் பாத்திருக்கேன். ரெண்டும் வேற வேற. உன் வாட்ச்ல வந்த பழுப்பு செம்போட ஆக்சைடு. அது உலோகத்து மேல ஒட்டிக்கிட்டு உள்ள காத்துப் போகாம தடுக்கும். அதனாலதான் முதல்ல வேகமா நிறம் மாறி, போகப் போக மந்தமாகும். அம்மா தேய்ச்ச பக்கம் இப்ப வெறும் உலோகம், அது ஓடும். பழைய பக்கம் நடக்கும். நீ பாட்டுக்குக் கட்டிக்கிட்டுத் திரி, தானா ஒண்ணோட ஒண்ணு வந்து சேரும். எல்லாத்தையும் தேய்ச்சா எட்டு மாசத்தையும் சாக்கடையில ஊத்தின கணக்கு.

முட்டையால வர்றது சல்ஃபைடு. கெடுதல்னு சொல்லல, ஆனா எல்லா இடமும் ஒரே கருப்பா பெயின்ட் அடிச்ச மாதிரி உக்காரும். எங்க சட்டைக் கை உரசுச்சு, எங்க விரல் பட்டுச்சுங்கிற கதை அதுல இருக்காது. எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆனா அந்தப் பச்சை மாவை விடாதே. புளியில இருக்கிற அமிலம் ஆக்சைடைக் கரைக்கும். கூட உப்பு இருந்தா அதுல உள்ள குளோரைடு இடுக்குல தங்கிடும். ஈரம் பட்டா செம்பை அரிச்சுப் பச்சையாத் துப்பும். அது நிக்காம நடந்தா அதுக்குப் பேர் வெண்கல நோய். எழும்பூர் மியூசியத்துல 1930-ல ஆரம்பிச்ச ரசாயனக் கூடம் பழைய வெண்கலச் சிலைகளுக்கு மின்பகுப்பு முறையில வைத்தியம் பாத்தது இந்த மாதிரி அரிப்புக்குத்தான். உன் வாட்சுக்கு அவ்வளவு தூரம் போகாது, பயப்படாதே.

ஸ்ட்ராப்பைக் கழட்டு. கிரவுன் இறுக்கமா மூடியிருக்கான்னு பாரு. சோப்புத் தண்ணியும் குழந்தை டூத் பிரஷும் போதும். இடுக்குல பல்குத்துற குச்சியால சுரண்டு, ஊசி எடுக்காதே. அப்புறம் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல மூணு நாலு தடவை அலசு. நல்லாத் துடைச்சு ஃபேன் காத்துல ராத்திரி பூரா வை. மறுநாள் இறுக்க மூடுற டிபன் பாக்ஸ்ல, பக்கத்துல ஈரப் பஞ்சு வெச்சு (வாட்ச்ல படாம), ஒரு நாள் பூட்டி வை. பச்சை திரும்ப வந்தா கடையில கொடுத்து உள்ள இருக்கிற மெஷினைக் கழட்டச் சொல்லி கேஸை மட்டும் பாக்கணும். வரலேன்னா தீர்ந்தது.

இன்னொண்ணு, விளக்குங்க பெரும்பாலும் பித்தளை, செம்பும் துத்தநாகமும். உன் வாட்ச் செம்பும் வெள்ளீயமும். உன் வாட்சுக்கு அடுக்களையில சொந்தம்னா அது பொங்கல் வைக்கிற வெண்கலப் பானைதான். அதையும் புளி போட்டுத்தானே தேய்க்கறாங்க, அவங்க மேல என்ன தப்பு!

பிளாக்பே_பாலு:
அண்ணே, என் ட்யூடர் பிளாக் பே பிரான்ஸ் (அதுவும் வெண்கல வாட்ச்தான்) மூணு வருஷமா கையில இருக்கு, ஒரு மாதிரி தேன் நிறத்தோட நின்னுடுச்சு. கருக்கவே மாட்டேங்குது. ஏதாவது கோளாறா?

செகண்ட்_இன்ஜினியர்:
கோளாறு இல்லப்பா. அது அலுமினியம் வெண்கலம். மேல அலுமினிய ஆக்சைடும் சேர்ந்து படியும், அதனால மெதுவா, சீரா மாறும். கப்பல் ப்ரொபெல்லருக்கு நிக்கல் சேர்த்த அலுமினியம் வெண்கலம் போடறதும் அதுக்குத்தான். 2011-ல பனேராய் கம்பெனி ஒரு வெண்கல வாட்ச் விட்டாங்களே, அந்த வெள்ளீய வெண்கலம் வேற ரகம், அதுதான் அடிக்கடி முகம் மாத்தும்.

ஒற்றியூரான்:
ஏழு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

அண்ணே, கேட்டேன். கல் உப்புதான், அதுவும் கைப்பிடி. சொன்ன மாதிரியே கழுவி டிபன் பாக்ஸ் சோதனையும் பண்ணிட்டேன், பச்சை வரல. பின் மூடி ஸ்டீல்ங்கறதால அங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. மணிக்கட்டு ஓரத்துல மட்டும் லேசா ஒரு பச்சை வளையம் விழுது, சோப்புப் போட்டா போயிடுது.

இடது பக்கம் முதல் வாரம் செம்மண் மாதிரி சிவந்துச்சு. மூணாவது வாரம் வெல்லம். இப்ப தூரத்துலேருந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா 12 மணிக்குக் கீழ மட்டும் ஒரு கோடு, கடற்கரையில அலை வந்து போன ஈரத்தடம் மாதிரி. அதை விட்டுட்டேன்.

ஸ்ட்ராப் போயிடுச்சு. ரப்பர்ல எது நல்லா இருக்கும்னு யாராவது சொல்லுங்க.