டர்போ காருக்கு பவர் ஏத்தின பிறகு எந்த கிளட்ச்? வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டார அனுபவங்கள்

சத்துவாச்சாரி டிஎஸ்ஐ:

1.8 டிஎஸ்ஐ (ஃபோக்ஸ்வாகன் குரூப்போட டர்போ) பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனி டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை) 250 என்எம் (நியூட்டன் மீட்டர்), மேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்துறது) போட்ட பிறகு 320. அஞ்சாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல இருந்து முழுசா மிதிச்சா முள்ளு 3,000க்கு எகிறுது, ஸ்பீடு அதே இடத்துல நிக்குது. தினமும் காட்பாடி - பாகாயம், எப்பவாவது ஏலகிரி, வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஒருத்தர் ஸ்டேஜ் 2 கிளட்ச் போடுங்கறார், இன்னொருத்தர் ஸ்டேஜ் 3 இல்லாம பத்தாதுங்கறார். எதை வெச்சு முடிவு பண்றது?

காட்பாடி கியர்பாக்ஸ்:

ஸ்டேஜ் நம்பரை ஓரமா வைங்க சார். அதுக்குப் பொது அளவுன்னு எதுவும் கிடையாது. எக்ஸெடி கம்பெனியில ஸ்டேஜ் 1ன்னா ஆர்கானிக் (சாதாரண நார் லைனிங்), ஸ்டேஜ் 2ன்னா செராமிக் கலந்த மெட்டல் பட்டன். அடுத்த கம்பெனிக்காரன் நம்பர் போடுற விதமே வேற. குதிரைத்திறனும் இங்க உதவாது. கிளட்சுக்குத் தெரிஞ்சது டார்க் மட்டும்தான்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல் (இன்ஜினோட சுத்துற கனமான சக்கரம்) மேல அமுக்கிப் பிடிக்கிறது பிரஷர் பிளேட். தாங்குற டார்க்குக்கு கணக்கு இதுதான்: உராய்வு எண் × பிரஷர் பிளேட் அழுத்தம் × சராசரி ஆரம் × உராயற பக்கங்கள். உதாரணத்துக்கு வெளிவட்டம் 228 மி.மீ., உள்வட்டம் 150 மி.மீ. உள்ள பிளேட். சராசரி ஆரம் 94.5 மி.மீ. ஆர்கானிக் லைனிங்குக்கு (பிளேட்ல உராயற பட்டை) உராய்வு எண் 0.30, அழுத்தம் 5,000 நியூட்டன், பக்கம் ரெண்டு. பெருக்கிப் பாருங்க, 283 என்எம் வரும். 250 என்எம் இன்ஜினுக்கு அது ஓடிடும். 320க்கு நிக்காது, நீங்க சொல்ற ஸ்லிப் (கிளட்ச் வழுக்குறது) அங்கதான் ஆரம்பம்.

உச்ச டார்க்குக்கு மேல 20 முதல் 30 சதவீதம் கையிருப்பு வேணும். சூடு ஏறினா உராய்வு எண் இறங்கும், லைனிங் தேயத் தேய அழுத்தமும் மாறும். 320க்கு 25 சதவீதம் சேர்த்தா 400. அதை எட்ட மூணு வழி இருக்கு.

பிரஷர் பிளேட்டை 7,000 நியூட்டனுக்கு ஏத்தி ஆர்கானிக்கையே வெச்சுக்கிட்டா 397, கிட்டத்தட்ட 400. அழுத்தத்தை 5,000லயே விட்டு, உராய்வு எண் 0.45 உள்ள பட்டன் பிளேட் போட்டா 425. ரெட்டை பிளேட்டுன்னா உராயற பக்கம் நாலு ஆயிடும், அதே 5,000 நியூட்டனுக்கே 567. ஆனா ரெட்டை பிளேட் 400 என்எம்முக்கு மேல போறவங்க சமாச்சாரம், உங்களுக்கு வேணாம்.

தினமும் ஊருக்குள்ள ஓட்டுற வண்டிக்கு முதல் வழிதான் என் கட்சி. பெடல் கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான்.

ஒண்ணு கவனிங்க. ஸ்லிப் முதல்ல மேல் கியர்லதான் தெரியும். கீழ் கியர்ல வண்டி சுலபமா முன்னாடி ஓடிடுது, இல்லேன்னா டயர் சுத்திடுது. அஞ்சாவதுல வண்டியோட மொத்த பாரமும் இன்ஜினை எதிர்த்து நிக்கும், டர்போவும் 2,000லயே முழு டார்க்கைக் கொண்டுவந்து கொட்டும். அதனால 'மூணாவதுல நல்லாத்தானே இழுக்குது'ன்னு கிளட்சை சந்தேகப்படாம விட்டுடாதீங்க.

ஆற்காடு டி-ஜெட்:

பட்டன் பிளேட் பத்தி. நானும் ஒரு காலத்துல அதுக்கு ஆதரவுதான், இப்ப இல்லை.

சாதாரண பிளேட்ல ரெண்டு லைனிங்குக்கும் நடுவுல அலை அலையா ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். பெடலை விடும்போது அது மெதுவா அமுங்கும், பிடிப்பு படிப்படியா ஏறும். பட்டன் பிளேட் பலதுல அந்தத் தகடே கிடையாது. பெடல் வழியில ஒரு விரல்கடை தூரத்துல மொத்தமும் பிடிச்சுடும். சிஎம்சி முன்னாடி ஆட்டோக்களுக்கு நடுவுல அங்குலம் அங்குலமா நகர்த்தணும்னா வண்டி குலுங்கும், இல்லேன்னா ஆஃப் ஆகும். குலுங்காம இருக்க ஆக்சிலரேட்டர் கொடுத்து பாதி கிளட்ச்ல நின்னா ஃப்ளைவீல் முகத்துல சூட்டால நீலத் திட்டு விழும். ஏலகிரி ஏத்தத்துல 14 கொண்டை ஊசி இருக்கு. எதிர்ல பஸ் வந்து அதுல ஒண்ணுல ரிவர்ஸ் எடுக்கிற நிலைமை வந்தா அப்பத் தெரியும்.

டிராக்குக்குன்னே ஒதுக்கின வண்டின்னா பட்டன் சரி. அங்க ஒரு தடவை கிளம்பினா அப்புறம் கியர் மாத்துறதுக்குத்தான் கிளட்ச். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போறதுக்காக மீதி நாளெல்லாம் அவஸ்தைப்படத் தேவையில்லை.

இன்னொரு வழியும் இருக்கு, யாரும் கேக்கறதில்லை. மேப் போட்டவர்கிட்டயே போய் அடி ஆர்பிஎம்ல டார்க்கை வெட்டச் சொல்லுங்க. 2,000ல 320 வர்றதை 280ல நிறுத்தி, அதையே 5,000 வரைக்கும் இழுத்தா அந்த இடத்துல 199 பிஎஸ் (குதிரைத்திறன்) கிடைக்கும். மேல் பவர் குறையாது. கையிருப்போட 350 தாங்குற கிளட்ச் போதும்: அழுத்தம் 25 சதவீதம் கூடின பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக்கும் சேர்ந்தா 354 வந்துடுது. பெடலும் அவ்வளவு கனக்காது. கியர்பாக்ஸுக்கும் நல்லது. ஃபோக்ஸ்வாகன் கியர்பாக்ஸ் பேர்லயே எச்சரிக்கை எழுதியிருக்கு: எம்க்யூ200, எம்க்யூ250, எம்க்யூ350. அந்த நம்பர் அது தாங்குற என்எம். உங்க வண்டியில எது இருக்குன்னு கோடு பார்த்துட்டு கிளட்ச் வாங்குங்க. கிளட்ச் வழுக்கலைன்னா அடுத்த அடி கியர் பல்லுக்குத்தான்.

ராணிப்பேட்டை லேத்:

தம்பி, நம்ம பக்கம் ஒரு குறுக்கு வழி ஓடிக்கிட்டு கீது, அதைச் சொல்லிடறேன். பழைய கார் பிளேட்டுல டிராக்டர் பட்டனை ரிவெட் அடிச்சுத் தர்றது. காசு கம்மி, கையில பிடிச்சுப் பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும். டிராக்டர் இன்ஜின் சுத்துறது 2,200 ஆர்பிஎம். உங்க வண்டி 6,600. மூணு மடங்கு வேகம்னா பட்டனை வெளியே பிடுங்குற விசை ஒன்பது மடங்கு. ரிவெட் பிச்சுக்கிட்டா பெல் ஹவுசிங்கையே (கிளட்சை மூடியிருக்கிற கூடு) உடைச்சுக்கிட்டு வரும், உள்ள உக்காந்திருக்கிறவன் கால் பக்கம். எந்த ஆர்பிஎம் வரைக்கும் சோதிச்சதுன்னு எழுத்துல இல்லாத பிளேட் டர்போ வண்டிக்கு வேணாம்.

அடுத்தது ஃப்ளைவீல். நீலத் திட்டு இருந்தா டூல் போட்டு முகம் எடுக்காதே. திட்டு விழுந்த இடம் இறுகிப் போயிருக்கும். டூல் அது மேல ஏறி இறங்கும், மேடு அப்படியே நிக்கும், அப்புறம் கிளட்ச் விடும்போதெல்லாம் உதறும். கிரைண்டிங்தான் செய்யணும். டவல் பின்னை (பிரஷர் பிளேட்டை இடத்துல உக்கார வைக்கிற முளை) கழட்டிட்டு செய், எவ்வளவு கம்மியா எடுக்க முடியுமோ அவ்வளவு எடு.

சில ஃப்ளைவீல்ல பிரஷர் பிளேட் உக்கார்ற இடம் படி மாதிரி உசந்திருக்கும். உராயற முகத்துல 0.3 மி.மீ. எடுத்தா படியிலயும் அதே 0.3 எடுக்கணும். விட்டுட்டா பிளேட் மேல விழற அழுத்தம் குறைஞ்சு, புது கிளட்சே வழுக்கும். புது செட் வழுக்குதுன்னு வர்ற வண்டியில நான் முதல்ல அளக்கிறது அந்தப் படி உசரத்தைத்தான்.

டூயல் மாஸ் ஃப்ளைவீலை லேத்துக்கே கொண்டு வராதீங்க. அது ரெண்டு பாகம், நடுவுல வளைஞ்ச ஸ்பிரிங்கும் கிரீசும். கையால ரெண்டு பக்கமும் திருப்பி ஆட்டம் பாரு, கம்பெனி சொன்ன அளவுக்கு மேல போனாலோ கிரீஸ் கசிஞ்சாலோ மாத்திடு. சிங்கிள் மாஸ் (ஒரே பாகமான ஃப்ளைவீல்) போடுறதுன்னா நடுவுல ஸ்பிரிங் வெச்ச பிளேட்தான் வேணும். டூயல் மாஸுக்கு வர்ற பிளேட் பலதுல அந்த ஸ்பிரிங் இருக்காது, அந்த வேலையை ஃப்ளைவீலே பார்த்துக்கும். பழைய பிளேட்டையே சிங்கிள் மாஸோட சேர்த்துட்டா அதிர்வு நேரா கியர்பாக்ஸுக்குப் போயிடும். சரியான பிளேட் போட்டாலும் ஐடிலிங்ல கடகடன்னு ஒரு சத்தம் இருக்கும், பெடலை மிதிச்சா நின்னுடும். அது இயல்பு. பேரிங் போச்சுன்னு பிரிச்சுப் போட்டுடாதீங்க.

காட்பாடி கியர்பாக்ஸ்:

லேத்துக்காரர் சொன்னதோட மாட்டுறப்ப கெடுறதையும் சேர்த்துக்கிறேன். நல்ல செட் வாங்கி, மாட்டுறதுல வீணாப் போனதுதான் நிறைய.

கியர்பாக்ஸ் இறக்கினதும் கிராங்கோட (இன்ஜினோட முக்கிய தண்டு) பின் ஆயில் சீலைப் பாருங்க. ஈரம் தெரிஞ்சாலே மாத்துங்க. லைனிங்ல எண்ணெய் பட்டா 400 என்எம் கிளட்சும் 200க்கு வழுக்கும். துடைச்சுப் போடலாம்னு நினைக்காதீங்க, உள்ள ஊறினது வெளியே வராது. தூசியைக் கம்ப்ரசர் காத்தால ஊதவும் கூடாது, நுரையீரலுக்குப் போகும்.

தேயத் தேய சுயமா சரிபண்ணிக்கிற பிரஷர் பிளேட்டுன்னா அதுக்குன்னு உள்ள டூலால அமுக்கி வெச்சுத்தான் போல்ட் போடணும். போல்ட்டாலயே இழுத்து உக்கார வெச்சா உள்ள இருக்கிற வளையம் நகர்ந்துடும், முதல் நாளே கிளட்ச் பாதி தேஞ்ச கணக்கு. சாதா பிளேட்டுக்கும் எதிர் எதிர் போல்ட்டா, ஒரு நேரம் கால் சுத்துதான். ஃபோக்ஸ்வாகன் ஃப்ளைவீல் போல்ட் 60 என்எம், அதுக்கு மேல 90 டிகிரி. ஒரு தடவை இழுத்தா நீண்டுடும், திரும்பப் போடக்கூடாது.

ஸ்ப்லைன்ல (பிளேட் ஏறுற கியர்பாக்ஸ் தண்டோட பல் வரி) கிரீஸ் மெல்லிசா தடவி, பிளேட்டை ரெண்டு தடவை ஏத்தி இறக்கி, வழிஞ்சதைத் துடைச்சுடுங்க. அதிகமான கிரீஸ் சுத்துற வேகத்துல லைனிங்ல தெறிக்கும். பிளேட்ல கியர்பாக்ஸ் பக்கம்னு அச்சடிச்சிருக்கும். திருப்பிப் போட்டா நடு ஹப் ஃப்ளைவீல் போல்ட்ல இடிக்கும், கியரே விழாது.

ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கிறது) பெல் ஹவுசிங்குக்கு உள்ள இருக்கிற வகைன்னா அதையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாத்துங்க. பழைய சீல் புது பிரஷர் பிளேட்டோட கூடுதல் அழுத்தத்துல சீக்கிரம் கசியும். திரும்பவும் கியர்பாக்ஸ் இறக்குற கூலியை நினைச்சா அந்த விலை பெருசில்லை. கியர்பாக்ஸ் கீழ இருக்கிறப்ப யாரும் பெடலை மிதிச்சுடாம பார்த்துக்குங்க, சீல் வெளியே வந்துடும்.

கனமான பிரஷர் பிளேட் போட்ட வண்டியில கிரீன் சர்க்கிள் சிக்னல்ல பெடலை மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, நியூட்ரலுக்குத் தள்ளுங்க. அந்த அழுத்தம் முழுசும் கிராங்கோட த்ரஸ்ட் பேரிங் (தண்டு முன்னபின்ன நகராம தாங்குறது) மேல விழும்.

குடியாத்தம் டிஎஸ்ஜி:

ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி. பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயில இருக்கிறது டிக்யூ200 கியர்பாக்ஸ், ட்ரை கிளட்ச் (எண்ணெய்ல முங்காதது), 250 என்எம் வரைக்கும். டிக்யூ250 எண்ணெய்ல முங்கினது, 350. அங்க கிளட்ச் பேக்கோட கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரையும் பார்க்கணும். மேலே உள்ள பிளேட் கணக்கை அப்படியே அதுக்குப் போடாதீங்க.

சத்துவாச்சாரி டிஎஸ்ஐ:

நன்றி அண்ணா. மேப்பை 280ல நிறுத்திட்டு, 25 சதவீதம் கூடின பிரஷர் பிளேட், முழு வட்ட ஆர்கானிக், டூயல் மாஸ் ஆட்டம் அளவுக்குள்ள இருந்தா அதையே வெச்சுக்கிறதுன்னு இருக்கேன். புது கிளட்சைப் பழக்குறதுக்கு கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்தா போதுமா?

ஆற்காடு டி-ஜெட்:

பத்தாது. பைபாஸ்ல ஒரே கியர்ல போனா 200 கிலோமீட்டர் ஓடியும் கிளட்ச் பத்து தடவைதான் பிடிச்சிருக்கும். லைனிங் உக்கார்றது பிடிச்சு விடறதுலதான். ஊருக்குள்ள 500லேர்ந்து 800 கிலோமீட்டர் ஓட்டுங்க, காட்பாடி பாலம், தோட்டப்பாளையம், பாகாயம்னு சுத்துங்க. அதுவரைக்கும் பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) பாதிக்கு மேல வேணாம், ஏத்தத்துல பாதி கிளட்ச்ல நிறுத்தி வைக்கவும் வேணாம். கருகின வாசனை வந்தா அன்னைக்கு விட்டுட்டு ஆறினதும் தொடருங்க. சூடா இருக்கும்போதே அழுத்தினா லைனிங் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போய் பிடிப்பு குறையும்.

முதல் முழு பூஸ்ட் அஞ்சாவது கியர்ல வேணாம். மூணாவதுல 3,000க்கு மேல ஆரம்பிங்க. அது சுத்தமா இழுத்தா நாலாவது, அப்புறம்தான் நீங்க முதல்ல எழுதின அஞ்சாவது கியர் 2,000 சோதனை.