பட்டுவாடா நாளில் திறக்காத பில் திரை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதியபோது எனக்கு நடந்தது இது. தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுத்து வரும். பாலின் ஃபேட் அளவை வட்டமாகக் காட்ட நானே ஒரு வியூ (திரையில் தெரியும் உறுப்பு) எழுதியிருந்தேன். பால் அளக்கும் திரையில் அதைக் கோட்லின் மொழிக் கோடிலேயே உருவாக்கியதால் தொந்தரவே இல்லை. பத்து நாளுக்கு ஒருமுறை திறக்கும் பில் திரையில் மட்டும் எக்ஸ்எம்எல்லில், அதாவது திரையின் அமைப்பை எழுதும் லேஅவுட் ஃபைலில், வைத்தேன். அதை ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தது என் தப்பு.

பட்டுவாடா நாள் காலை ஆறரைக்கு செக்ரட்டரி கூப்பிட்டார். "தம்பி, பில்லைத் தொட்டா ஆப் மூடிக்குதுங்க. ஆளுங்க கேனோட நிக்கறாங்க."

லாக்கில், அதாவது ஆப்பின் பிழைப் பதிவில், மேலே இருந்தது இன்ஃப்ளேட்எக்செப்ஷன்: லேஅவுட்டைத் திரையாக்க முடியவில்லை என்ற பிழை. அதை நம்பி லேஅவுட்டைத் துருவியதில் அரை மணி நேரம் போயிற்று. அசல் காரணம் கீழே, 'காஸ்ட் பை' வரியில்: நோசச்மெத்தட்எக்செப்ஷன், அதாவது தேடியது கிளாஸில் இல்லை. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் லேஅவுட்இன்ஃப்ளேட்டர், கான்டெக்ஸ்ட், அட்ரிபியூட்செட் இரண்டையும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை (கிளாஸிலிருந்து வியூவை உருவாக்கும் பகுதி) தேடும். ஜாவாவில் எழுதிய காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பராமீட்டர் வாங்கும் மூன்று கன்ஸ்ட்ரக்டரையும் தனித்தனியாக எழுதிவிடுவேன். கோட்லினில் ஒரே கன்ஸ்ட்ரக்டர் எழுதி, கடைசி இரண்டு பராமீட்டருக்கும் டீஃபால்ட் மதிப்பு கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் வெளியிலிருந்து தேடும் இன்ஃப்ளேட்டருக்கு மூன்று பராமீட்டர் உள்ளது மட்டும்தான் கிடைக்கும். கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால், மற்ற இரண்டையும் தானே உண்டாக்கும் 'ஜேவிஎம்ஓவர்லோட்ஸ்' என்ற குறிப்பைச் சேர்த்ததும் திரை திறந்தது.

அதை எல்லா வியூவிலும் ஒட்டிவிடாதீர்கள். பட்டனிலிருந்து வந்த கிளாஸில் போட்டேன். ஸ்டைலைச் சொல்லும் மூன்றாவது பராமீட்டரின் மதிப்பு 0 என்று போய், பட்டனின் பின்னணியே மறைந்து வெறும் எழுத்து நின்றது. அங்கே 0-க்குப் பதில் பட்டன்ஸ்டைலைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. டெக்ஸ்ட்வியூவிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, எழுத்து மாறும்போது ஓடும் ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்டில் ஒரு பெயிண்ட்டின் (வரையும் நிறத்தை வைத்திருக்கும் பொருள்) நிறத்தை மாற்றினேன். திறந்ததுமே நல்பாயிண்டர் பிழை, அதாவது நல்லைத் (வெறுமையைத்) தொட்ட பிழை. பெயிண்ட்டை 'வால்' என்று அறிவித்து அங்கேயே மதிப்பும் கொடுத்திருக்கிறேன், எப்படி நல் வரும்? தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடுகிறது. டெக்ஸ்ட்வியூ அதற்குள்ளேயே செட்டெக்ஸ்ட்டைக் கூப்பிடுகிறது, அது என் ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்டை ஓட்டுகிறது. அந்த நேரத்தில் என் பெயிண்ட் பிறக்கவே இல்லை. கம்பைலர் இதைச் சொல்லாது. பெயிண்ட்டை நல் ஆகலாம் என்று அறிவித்து, நல் என்றால் தாண்டிப் போகும்படி கேள்விக்குறியோடு தொட்டு, தாய் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பின் ஓடும் இனிட் பிளாக்கில் நிறத்தை ஒருமுறை நானே போட்டேன். அன்றிலிருந்து அந்தத் திரை விழவில்லை.