பத்துக்கு ஒன்பது மார்க்கை நம்பி 2,499 ரூபாய் போச்சு, கேம் ரிவ்யூவை இனி நம்பலாமா?

திருநகர்_தம்பி

வணக்கம் மக்களே. பாதி புலம்பல், பாதி கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பிசி கேம் வாங்கினேன். பெயரும் வேண்டாம், வாங்கின கடையும் வேண்டாம், சண்டை வரும். பார்த்த இடமெல்லாம் பத்துக்கு ஒன்பது. இரண்டு பெரிய ஆங்கிலத் தளம், மூன்று யூடியூப் சேனல், எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த மாமா கொடுத்துவிட்டுப் போனது கொஞ்சம், எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது மீதி, மொத்தம் 2,499 ரூபாய்.

ராத்திரி முழுக்க டவுன்லோடு. காலையில் திறந்தால் 'ஷேடர் தயாராகிறது' என்று ஒரு கோடு நத்தை மாதிரி ஊர்கிறது. குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், அம்மாவைப் பழங்காநத்தத்தில் இறக்கிவிட்டு வந்தேன், அப்போதும் 71 சதவீதம்தான். ஒருவழியாக ஆரம்பித்தது. கதாநாயகன் நாலு எட்டு வைத்தால் படம் அப்படியே உறைந்து நிற்கிறது, சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கோளாறு என் பக்கம்தானோ என்று செட்டிங்ஸை அங்குட்டும் இங்குட்டும் மாற்றிப் பார்த்ததில் ரீஃபண்டுக்கான நேரக் கெடுவும் தாண்டிவிட்டது.

என்னுடையது 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 போட்ட லேப்டாப். அந்த ஒன்பது மார்க் கட்டுரைகளைத் திரும்பப் போய்ப் படித்தேன். உறைவதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா, இல்லை நான் ஏமாளியா? நீங்கள் யாரைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

சிம்மக்கல்_சிடி_அண்ணன்

தம்பி, சிம்மக்கல்லில் மூன்று பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) மெஷின் போட்டு மணிக்கு 20 ரூபாய்க்கு விட்டுப் பிழைத்தவன் நான். எனக்கு அப்போது ரிவ்யூ என்றால் சிடியின் பின்பக்கம்தான். எது அதிகம் கீறல் விழுந்து வருகிறதோ அது நல்ல கேம். இரண்டு வாரமாகியும் பளபளவென்று இருந்தால் உறையில் எத்தனை ஸ்டார் அச்சடித்திருந்தாலும் நான் நம்ப மாட்டேன். சனிக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றும்போதே பையன்கள் எதைக் கேட்கிறார்கள் என்று கவனித்தால் போதும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கவரில் போட்டுக் கொடுத்து மார்க் வாங்குவது அரிது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காசுக்கு வேறு வாசல் உண்டு. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அதே சமயம் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம். கொஞ்ச நாளில் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்போது யாரும் காரணம் சொல்லவில்லை. மார்க் பிடிக்காத விளம்பரதாரர்கள் நெருக்கியதும் நிர்வாகம் தடுமாறியதும் 2012ல் அவர் வாயாலேயே வெளியே வந்தது. இத்தனைக்கும் ஆறு மார்க் என்பது பாஸ் மார்க் தம்பி! இந்த உலகத்தில் ஏழுக்குக் கீழே போட்டாலே ஃபெயில் மாதிரிதான் பார்க்கிறார்கள், ஒன்றிலிருந்து பத்து வரை அளவு இருந்தாலும் புழங்குவது என்னவோ ஏழிலிருந்து பத்துக்குள்தான்.

அந்த மார்க்கை வைத்துச் சம்பளமே பேசுகிறார்கள் என்பது இன்னும் கொடுமை. 2010ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்த அப்சிடியன் கம்பெனிக்கு, எல்லா ரிவ்யூ மார்க்கையும் சேர்த்து நூற்றுக்குச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போச்சு, அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெலோனே ட்விட்டரில் சொன்னது இது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்ப்பது போல அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள், பாவம்.

உசிலம்பட்டி_ஸ்ட்ரீமர்

அண்ணன் சொன்னதற்கு உள்ளே இருந்து ஒரு சாட்சி. நான் தமிழில் ஒரு சின்ன சேனல் நடத்துகிறேன், பகலில் அப்பாவின் உரக்கடை, ராத்திரி கேம். பெரிய ஆள் இல்லை. ரிவ்யூ செய்யச் சொல்லிக் கம்பெனி முன்கூட்டியே ஓசியில் தரும் ரிவ்யூ காப்பி இதுவரை வந்தது இரண்டே முறை.

அதில் ஒன்று எப்படி நடந்தது என்று சொல்கிறேன். செவ்வாய் ராத்திரி கேமைத் திறக்கும் ரகசிய எண் வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எம்பார்கோ. கேம் 35 மணி நேரம். உரக்கடையில் அது சீசன் நேரம் வேறு. என்னால் 14 மணி நேரம்தான் ஆட முடிந்தது. சனிக்கிழமை தாமதித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், எல்லாரும் அந்த நிமிடத்தில்தான் தேடுவார்கள். பார்த்தவரை அருமையாக இருந்தது, அப்படியே சொல்லி வீடியோ போட்டேன். மீதியை அடுத்த வாரம் ஆடினால், கடைசிப் பகுதி முழுக்க ஒரே குகையை நிறம் மாற்றித் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். கமெண்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு ரூபாய் வாங்கவில்லை நான், ஆனால் அந்த ரிவ்யூ தப்புத்தான். அதற்கப்புறம் எத்தனை மணி நேரம் ஆடினேன் என்பதை வீடியோவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசு வாங்கியதும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு மொபைல் கேமுக்கு. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே அனுப்பினார்கள். அதை ரிவ்யூ என்று சொல்லாமல் விளம்பரம் என்று போட்டேன். நம் நாட்டில் விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்சிஐ, 2021லேயே இதற்கு விதி கொண்டுவந்துவிட்டது, காசோ பொருளோ வாங்கினால் பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்படி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2014ல் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமைப் புகழ்ந்து பேச வார்னர் பிரதர்ஸ் பெரிய யூடியூபர்களுக்கே காசு கொடுத்ததும், அந்த விவரம் சரியாகத் தெரியாமல் போனதும் அரசு அமைப்பு வரை போய் 2016ல் சமரசம் ஆனது. வேடிக்கை என்னவென்றால் அது உண்மையிலேயே நல்ல கேம். காசே கொடுத்திருக்க வேண்டாம்.

வடபழஞ்சி_டெஸ்டர்

தம்பி, உன் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஒன்பது மார்க் ஆள் அநேகமாகப் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் இருக்கும் மெஷின் வேறு, உன் மடியில் இருப்பது வேறு. நான் வடபழஞ்சியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்று டெவலப்பர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, கேம் ரிவ்யூவிலும் அதே கதைதான்.

ஷேடர் என்பது வெளிச்சம், நிழல், தண்ணீர் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம். ப்ளேஸ்டேஷனில் எல்லாருக்கும் ஒரே சிப் என்பதால் முன்கூட்டியே தயார் செய்து அனுப்பிவிடலாம். பிசியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர், அதனால் உன் வீட்டில் வைத்துத்தான் சமைக்க வேண்டும். வேகமான பிராசசர் இருப்பவருக்கு ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். உனக்கு அம்மாவைப் பழங்காநத்தம் வரை விட்டுவிட்டு வரும் வேலை. 8 ஜிபி ராமும் பத்தாது, வின்டோஸும் பிரவுசரும் தின்றது போக என்ன மிஞ்சும்? கார்டிலும் 4 ஜிபிதான். அதனால்தான் படம் நிற்கிறது, சத்தம் போகிறது.

சில நேரம் கம்பெனியே இதை வைத்து விளையாடும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது முன்கூட்டியே கொடுத்தது பிசி காப்பி மட்டும், அதிலும் சொந்தமாகப் பதிவு செய்த காட்சியைக் காட்டக் கூடாது, அவர்கள் தரும் வீடியோவைத்தான் போட வேண்டும். மார்க் கொட்டியது. பழைய பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டால் முகம் இல்லாத மனிதர்கள் தெருவில் நடக்கிறார்கள். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். அந்த ரிவ்யூக்கள் ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் பிஎஸ்4 காரனுக்கு ஒன்றுகூட உதவவில்லை.

நான் செய்வது இதுதான். கேம் பெயரோடு '1650' என்று சேர்த்து யூடியூபில் தேடு. யாரோ ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் ஆடி, மூலையில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற எண்ணை ஓடவிட்டிருப்பார். அந்த எண் எப்போது சரிகிறது என்று பத்து நிமிடம் பார். அப்புறம் வெளிவந்த அன்றே வாங்காதே, மூன்று வாரம் பொறு. 2019ல் 'க்ராஷ் டீம் ரேசிங்' மறுபதிப்பு ஜூனில் வந்தது, எல்லாரும் பாராட்டி எழுதி முடித்தார்கள், ஆகஸ்டில் கேமுக்குள்ளே நிஜக் காசு கேட்கும் கடையைத் திறந்தார்கள். ரிவ்யூ எழுதினவர் என்ன செய்வார்?

கோரிப்பாளையம்_கேமர்

ப்ரோ, இவ்வளவு எதற்கு? பிசி கேம் விற்கும் ஸ்டீம் கடையில், வாங்கின மக்கள் நல்லது என்றால் மேலே, மோசம் என்றால் கீழே என்று போடும் கட்டைவிரலைப் பார்த்தால் முடிந்தது. காசு போட்டு வாங்கினவன் சொல்வதுதான் உண்மை, ஓசியில் வாங்கினவன் சொல்வது விருந்துக்கு வந்தவன் சாப்பாட்டைப் புகழ்வது மாதிரி.

வடபழஞ்சி_டெஸ்டர்

ப்ரோ இல்லை, அக்கா. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2'க்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டைவிரல் கீழே விழுந்தது. கேம் முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. பிஎஸ்என், அதாவது சோனியின் ப்ளேஸ்டேஷன் ஆன்லைன் சேவையில் அக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி சொன்ன கோபம். அன்றைக்கு அதைப் பார்த்து வாங்காமல் போனவன் நல்ல கேமை விட்டான்.

கோரிப்பாளையம்_கேமர்

மன்னிக்கணும் அக்கா. ஆனால் அந்தக் கீழ்விரல்தானே சில நாளில் சோனியைப் பின்வாங்க வைத்தது? எந்தப் பத்திரிகைக்காரர் எழுதி அது நடந்திருக்கும்? பிஎஸ்என்னே இல்லாத ஊரில் காசு கொடுத்து வாங்கினவனுக்கு அது கேமைப் பற்றின விஷயம்தான்.

வடபழஞ்சி_டெஸ்டர்

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். கட்டைவிரலைப் பார்ப்பதென்றால் மொத்தக் கணக்கைப் பார்க்காமல் சமீபத்தியதை மட்டும் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொன்றின் மேலும் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். 0.3 மணி நேரம் ஆடிவிட்டுக் குப்பை என்பவரையும் விடுங்கள், 900 மணி நேரம் ஆடிவிட்டுக் குப்பை என்பவரையும் விடுங்கள். 900 மணிக்காரருக்குக் கேம் மேல் கோபமில்லை, தன் மேலேயே கோபம்.

சிம்மக்கல்_சிடி_அண்ணன்

ஹாஹா, எங்கள் கடையில் அப்படி ஒருத்தன் இருந்தான். திட்டிக்கொண்டே தினமும் வருவான்.

ஒன்று விட்டுப்போச்சு தம்பி. ஒரே ஆளை ஒரு வருடம் தொடர்ந்து படி. என் மச்சான் ஒரு பரோட்டாக் கடையைச் சரியில்லை என்றால் அங்கே சால்னாவில் காரம் கம்மி என்று அர்த்தம். எனக்கு வயிற்றுப்புண், நான் நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன். மச்சான் வாக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை. அப்புறம், என்னிடம் கழற்றி வைத்த லேப்டாப் ராம் ஒன்று சும்மா கிடக்கிறது, உன்னுடையதில் சேருமா பார்ப்போம், மாடல் நம்பரைத் தனி மெசேஜில் அனுப்பு.

திருநகர்_தம்பி

எல்லாருக்கும் நன்றி. நேற்று அண்ணன் வீட்டுக்குப் போய் ராம் வாங்கி வந்தேன், காசு கொடுத்தால் வைகிறார். சேர்ந்துவிட்டது, இப்போது 16 ஜிபி. அக்கா சொன்னபடி 1650 வீடியோவும் பார்த்தேன், அந்த மனுஷனுக்கும் அதே பாலத்தில் அதே இடத்தில் நிற்கிறது. வாங்கும் முன்னால் பார்த்திருந்தால் மாமா காசு மிஞ்சியிருக்கும்.

தெளிவைக் குறைத்து ஆடினால் கதாநாயகன் இப்போது பாலத்தைத் தாண்டிவிடுகிறான். உஷார் பார்ட்டி என்று கிராஃபிக்ஸ் டிரைவரையும் அப்டேட் செய்தேன். அதனால் ஷேடர் மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது. 43 சதவீதம். டீ குடித்துவிட்டு வருகிறேன்.