சைகைப் பேச்சியா, சைகையொலிப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காது கேளாதோரின் சைகையைப் பேச்சொலியாக மாற்றும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா முன்வைத்த 'சைகைமொழிபெயர்ப்பி'யில் இலக்கணக் குற்றம் ஏதுமில்லை. என் தயக்கம் பொருளில்தான். நேற்று வந்த 'சைகைப் பேச்சி' சுருக்கமானது, ஆனால் பேச்சியம்மனுக்குப் பொங்கல் வைப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் செய்த கையுறையையே எடுத்துக்கொள்வோம். விரல் வளைவையும் கை அசைவையும் உணரிகள் (சென்சார்கள்) அளக்கின்றன. கணினி அதைத் தன்னிடமுள்ள சைகைகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் சொல்லை ஒலிக்கிறது. அவ்வளவுதான். 10,000 டாலர் பரிசு பெற்ற அந்தக் கையுறைக்கு முகபாவத்தைப் படிக்கத் தெரியாது என்று மொழியியலாளர்கள் அப்போதே குறை சொன்னார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் என் உறவினரின் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் அண்ணன் ஒருவருக்குக் காது கேட்காது. மாலையானால் டம்ளர் பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். புருவம் ஏறியிருந்தால் 'டீ குடிக்கிறாயா?', ஏறாவிட்டால் 'டீ குடிக்கப் போகிறேன்'. கை இரண்டுக்கும் ஒன்றே. நாம் 'ஆ' என்ற ஓரெழுத்தில் வைக்கும் கேள்வியை அவர் புருவத்தில் வைக்கிறார். கையுறை அந்த 'ஆ'வை விழுங்கிவிடும்.

பெட்டியில் 'மொழிபெயர்ப்பி' என்று அச்சடித்தால், 'கருவிதான் இருக்கிறதே, சைகையை மொழிபெயர்க்க ஆள் எதற்கு?' என்று கேட்கும் அலுவலகங்கள் நாளைக்கே முளைக்கும். அந்தச் சொல்லை மனிதருக்கே விட்டுவைப்போம். என் பரிந்துரை 'சைகையொலிப்பி'. 'ஒலிப்பான்' என்று முடித்தால் லாரி ஹாரன் ஆகிவிடும் என்பதால்தான் இந்த 'பி'.

இன்னொன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'பிண்டி', 'பிணையல்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன: முன்னது ஒற்றைக்கை, பின்னது இரட்டைக்கை. கூத்துக்கு உரியவைதான். ஆனாலும் ஒருகைச் சைகை, இருகைச் சைகை என்று கருவியின் நிரலில் (புரோகிராமில்) வகைபிரிக்க இவற்றைவிடக் கச்சிதமான சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. 'யாருக்குப் புரியும்?' என்று எதிர்ப்பு வரும், தெரியும். 'உணரி'கூட ஒரு காலத்தில் யாருக்கும் புரியாத சொல்தான்.

கேமரா வழியே முகத்தையும் சேர்த்துப் படிக்கும் கருவிகளுக்கும் 'சைகையொலிப்பி' என்ற இதே சொல் போதுமா? அங்கே ஐயாவின் 'மொழிபெயர்ப்பி'க்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஞாயிறன்று ஏற்காடு போகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஏதாவது தோன்றினால், மேலே சிக்னல் கிடைத்ததும் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து,
உங்கள் நண்பன்